கடைசி இருக்கை வரை

காலை ஐந்தரை. யூஜினி காருக்குள் ஏறுகிறார், கண்ணாடியைச் சரி பார்க்கிறார், பெல்ற்றை இழுத்து மாட்டுகிறார். சாவியை மட்டும் தொடுவதில்லை. ஸ்டியரிங்கின்மேல் தடித்த நுண்கணிதப் புத்தகத்தைச் சாய்த்து வைத்து, காதில் செருகிய பென்சிலை எடுத்துக் கணக்கைத் தொடங்குகிறார். மோர்னிங்சைட்டில் அந்தத் தெருவுக்கு இது பழகிவிட்டது. முதல் கிழமை மட்டும், காலை நடைக்குப் போன பக்கத்து வீட்டுச் சண்முகநாதன் கண்ணாடியில் தட்டினார்.

"என்ன தங்கச்சி, கார் ஸ்டார்ட் ஆகேல்லையோ?"

"கார் நல்லாத்தான் இருக்கு அண்ணை. நான்தான் இன்னும் ஸ்டார்ட் ஆகேல்லை."

பதினாறு ஆண்டுகளாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். வயது நாற்பத்தேழு. மேசையில் புத்தகத்தை விரித்தால் அவருக்குக் கொட்டாவி வரும். ஓட்டுநர் இருக்கையில்தான் மூளை விழிக்கும். பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும் கோடையில் விட்பியிலிருக்கும் தங்கை வீட்டில் போய்க் கிடப்பது வழக்கம். இந்தக் கோடையில் தங்கைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. முழுத் தவணைப் பாடத்தை ஏழு கிழமைக்குள் திணிக்கும் கல்லூரி வகுப்பொன்றில் அக்கா சேர்ந்துவிட்டார்.

காரணம் ரூஜ் பக்கம் இருக்கிறது. புது வீடுகள் எழும்பும் ஒரு தெருமுனையில் பிள்ளைகளுக்காக அவருடைய பஸ் தினமும் நான்கு நிமிடம் நிற்கும். அங்கே மூன்று கால் கருவியை நட்டு, ஒற்றைக் கண்ணை மூடி நிலம் அளக்கும் ஒரு பெண்ணை இரண்டு வருடமாகப் பார்த்தார். "உவள் செய்யிறதை நான் செய்யமாட்டனே?" என்று விண்ணப்பித்தும் விட்டார். செப்டெம்பரில் நில அளவைப் படிப்புக்கு இடம் உண்டு, நுண்கணிதத்தில் அறுபது எடுத்தால். ஐம்பத்தொன்பது என்றால் இடம் வேறொருவருக்கு.

"உமக்கேன் இந்த வயசில இந்த வில்லங்கம்?" என்று கேட்டுக்கொண்டே கணவர் லெஸ்லி காருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டுவார். அவர் அலுத்துக்கொள்வதும் அன்புதான், யூஜினிக்குத் தெரியும்.

அவருடைய பஸ் வேலையில் ஒரு விதி உண்டு. கடைசிப் பிள்ளை இறங்கியதும் ஓட்டுநர் எழுந்து பின்கோடி வரை நடந்து, ஒவ்வொரு இருக்கையின் கீழும் குனிந்து பார்க்க வேண்டும். ஒரு மாரிகாலத்தில் பதினோராம் இருக்கையின் கீழே பாலர் வகுப்புக் குழந்தை ஒன்று சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து விதி சொல்வது ஒரு தடவை, யூஜினி நடப்பது இரண்டு தடவை.

யாழ்ப்பாணத்தில் உயர்தரக் கணிதம் படித்தவர். பரீட்சைக்குச் சில கிழமை இருக்கையில் இடம்பெயர்வு வந்தது, பரீட்சை எழுதவேயில்லை. படித்த எல்லையும் சார்பும் வகையீடும் தமிழிலேயே மண்டைக்குள் தங்கிவிட்டன. கல்லூரி வகுப்பில் பக்கத்து இருக்கைப் பதினெட்டு வயது அட்சயா வாய்பிளப்பாள்: "ஓ மை காட் அன்ரி, கல்குலேற்றர் இல்லாமலே? ஹவ்?"

முதல் சோதனையில் அந்தத் தமிழே காலை வாரியது. காரணம் காட்டச் சொன்ன இரண்டு பெரிய கேள்விகளுக்கும், நேரம் ஓடுகிற பதற்றத்தில், தன்னை அறியாமலே இரண்டு பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். கிடைத்தது நாற்பத்தெட்டு.

விரிவுரையாளர் ஹரிப்ரியா கோயம்புத்தூர்க்காரர். தனியே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நான் படிச்சுப் பார்த்தேங்க. நீங்க எழுதினது அத்தனையும் சரி. ஆனா இங்கிலீஷ்லதான் எழுதணும்னு தாள் மேலயே போட்டிருக்கு. எனக்குத் தமிழ் தெரியுங்கறதுக்காக மார்க் போட்டா மத்தவங்களுக்கு நியாயமில்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள விலகிட்டீங்கன்னா ரெக்கார்டுல விழாது."

யூஜினிக்கு எரிச்சல் வந்தது. அது முழுவதும் தன்மீதுதான்.

"நீங்கள் செய்தது சரி ரீச்சர். பிழை என்ர. ஆனா அரைவழியில பஸ்ஸை விட்டுட்டு இறங்கிற பழக்கம் எனக்கில்லை."

அறுபதைத் தொட இறுதிப் பரீட்சையில் எழுபத்திரண்டு வேண்டியிருந்தது. அதன் பிறகு காருக்குள்ளிருந்து சத்தம் கேட்கத் தொடங்கியது. ஒவ்வொரு படியையும் ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிச் சொல்லி எழுதினார். சண்முகநாதன் தட்டுவதை விட்டுவிட்டு, கையை மட்டும் காட்டிக்கொண்டு போனார்.

ஓகஸ்ட் நடுவில் இறுதிப் பரீட்சை. கடைசிக் கேள்வியை முடித்து நிமிர்ந்தபோது பன்னிரண்டு நிமிடம் மிச்சம். அட்சயா தாளைக் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று "வாங்கோ" என்று கையசைத்தாள். யூஜினிக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஆனாலும் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கடைசி வரியில் விரலை வைத்து, வரி வரியாக முன்னோக்கி வந்தார். ஒன்பதாம் பக்கம், எட்டாம் பக்கம், ஏழு. ஆறாம் பக்கத்தின் நடுவே, முழுதாக ஒரு வரி, அழகான கையெழுத்தில், தமிழ்.

அதை ஒரே கோட்டால் வெட்டி, மேலே ஆங்கிலத்தில் எழுதினார். மீதிப் பக்கங்களிலும் விரல் போனது. முதல் பக்கம் வரை வேறெதுவும் இல்லை.

"ஐந்து நிமிடம்" என்றார் மேற்பார்வையாளர். மண்டபத்தில் நாற்காலிகள் இழுபட்டன. யூஜினி தாளை மறுபடி புரட்டி, கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் விரலை வைத்தார்.