நாற்பது வினாடியில் விட்டுப்போன பெயர்

இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ, வருடம் சரியாக ஞாபகம் இல்லை. திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு டிடிபி கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து, பள்ளிக்கூடக் கேள்வித்தாள் என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்போம். பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. யார் யாரை விட்டது என்று மட்டும் கேட்காதீர்கள். அப்புறம் ஆறு மாதம் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் போனேன். அது எப்படியோ மண்டையில் ஏறியது. கூடவே கொழுப்பும் ஏறியது.

என் வாய் சும்மா இருக்காது. வருகிறவர் போகிறவர் எல்லோரையும் வம்புக்கு இழுப்பேன். அதில் தினமும் மாட்டுகிறவர், கடைக்கு எதிரே தட்டு வைத்து சிறுமலை வாழைப்பழம் விற்ற ஒரு பெரியம்மா. ஐம்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருப்பார். சொந்தமெல்லாம் இல்லை, எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர், அவ்வளவுதான்.

"பெரியம்மா, இது சிறுமலைப் பழந்தானா, இல்ல வேற எங்கிட்டிருந்தாச்சும் லாரி ஏறி வந்ததா?"

"எடுபட்ட பயலே, மோந்து பாரு. ஓம் மூஞ்சி மாதிரி கலப்படமாவா இருக்கு?"

காலை ஒன்பது மணிக்கு இந்தப் பூசை நடந்தாக வேண்டும். நடக்காவிட்டால் அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்குமே பொழுது விடிந்த மாதிரி இருக்காது.

அந்த வருடம் கோடையில் ஒரு மாதம் அவர் தட்டு வரவில்லை. அவருக்கு ஒரே மகன், சரக்குக் கப்பலில் சமையல்கட்டில் வேலை. ஒரு நாள் காலையில் ஆளைக் காணவில்லை, கடலில் விழுந்திருக்க வேண்டும், தேடியும் உடல் கிடைக்கவில்லை என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பங்குச் சாமியார் அந்தக் கடிதத்தை வைத்துக் கோயில் பதிவேட்டில் இறப்பை எழுதினார், ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை வைத்தார். அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. மண்ணில் வைக்க உடல் இல்லையே. பெரியம்மா திரும்பவும் தட்டோடு வந்து உட்கார்ந்தார். ஒரு வாரம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவராகத்தான், "என்னலே, நாக்குல புண்ணா?" என்று ஆரம்பித்து வைத்தார்.

அக்டோபர் கடைசியில் எங்கள் கோயில் உபதேசியார், சாமியாருக்கு ஒத்தாசையாக இருப்பவர், ஒரு சி.டி.யோடு கடைக்கு வந்தார். நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். எங்கள் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. போன கல்லறைத் திருநாளுக்குப் பிறகு இறந்தவர்களின் பெயர்களை, கல்லறைத் தோட்டத்தில் நடக்கும் பூசையில் அன்பியம் அன்பியமாக வாசிப்பார்கள். முப்பது நாற்பது வீடு சேர்ந்தது ஒரு அன்பியம். பெயர் வாசிக்கிற நேரத்தில் அந்த வீட்டுக்காரர்கள் கையிலிருக்கும் மெழுகுவத்தியைப் பற்றவைப்பார்கள். அந்தப் பட்டியலுக்காக உபதேசியார் வருடா வருடம் தடித் தடிப் பதிவேடுகளை மூன்று நாள் புரட்டுவார். அந்த வருடம்தான் பதிவேடுகளையெல்லாம் பங்குப் பிள்ளைகளை வைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்திருந்தார்கள். ஏற்றிய கையோடு கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. மிஞ்சியது அந்த சி.டி. உள்ளே ஒரே ஒரு எக்ஸ்.எம்.எல். ஃபைல்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த மாதிரி ஃபைலில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பெட்டி இருக்கும். பெட்டிக்குள் சின்னச் சின்ன டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவிலும் முன்னாலும் பின்னாலும் பெயர் ஒட்டியிருக்கும். பெயர், அன்பியம், ஞானஸ்நானம், திருமணம், இறப்பு, அடக்கம் இப்படி. தகவல் இல்லை என்றாலும் டப்பா இருக்கும், காலியாக.

பங்கில் உள்ள அத்தனை பேரும், இதற்கு முன்னால் இருந்த அத்தனை பேரும் அந்த ஒரே ஃபைலுக்குள். எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் அதைத் திறந்தால் மவுஸ் நகராது, ஃபேன் மட்டும் கத்தும். முழுவதையும் ஒரே மூச்சில் தூக்கினால்தானே மூச்சு வாங்குகிறது? வரி வரியாகப் படிக்க வைப்போம், வேண்டிய டப்பாவை மட்டும் எட்டிப் பார்த்து மற்றதைத் தாண்டிப் போகட்டும் என்று யோசித்தேன். இதுவரைக்கும் நல்ல யோசனைதான்.

எந்த டப்பாவை எட்டிப் பார்ப்பது என்பதில்தான் சறுக்கினேன். இறப்பு டப்பாவைத்தான் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அது குப்பையாக இருந்தது. ஒரு பிள்ளை தேதியை முதலில் அடித்திருந்தது, இன்னொரு பிள்ளை மாதத்தை. ஒன்றில் 'ஈஸ்டருக்கு மறுநாள்' என்றே இருந்தது. அடக்கம் டப்பா அப்படி இல்லை, கல்லறைப் பதிவேட்டைப் பார்த்து ஒரே ஆள் அடித்தது, வரிசை பிசகாமல் அழகாக இருந்தது. செத்தவரைப் புதைக்காமலா வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். அடக்கம் டப்பாவில் தேதி இருந்தால் இறந்தவர், அந்தத் தேதி போன திருநாளுக்குப் பிறகு என்றால் பட்டியலில் உண்டு, காலியாக இருந்தால் உயிரோடு இருப்பவர். என் ப்ரோக்ராமுக்கு இருந்த மூளை அவ்வளவுதான். அதை எழுதியவனுக்கும் அவ்வளவுதான்.

பெரியம்மா மகன் கதை எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

நாற்பது வினாடி. பட்டியல் வந்து விழுந்தது. உபதேசியார் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"செத்த நேரம் நோட்டோட ஒத்துப் பாத்துருவமா தம்பி? எதுக்கும் இருக்கட்டும்."

"ஏன் உபதேசியாரே, மூணு நாள் வேல போச்சேன்னு கண்ணாடி அழுகுதாக்கும்?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அதற்கு மேல் அவர் எப்படி ஒத்துப் பார்ப்பார்? வாயை நான்தான் அடைத்துவிட்டேனே.

மறுநாள் காலை பெரியம்மா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"ஏலே, லிஸ்டு நீதான் எடுத்தியாமே? எம் மகன் பேரு இருக்கால்ல?"

"இருக்கும் பெரியம்மா."

"இருக்கும்னா? பாத்துச் சொல்லுடா. மத்தவுகளுக்குக் கல்லறை இருக்கு. கழுவி, பூப்போட்டு, பக்கத்துல ஒக்காந்துக்கிருவாக. எனக்கு அன்னைக்கு அந்தப் பேரு ஒண்ணுதான்."

பட்டியலின் இன்னொரு பிரதி என் மேசை மேல்தான் கிடந்தது. கையை நீட்டினால் எட்டும். நான் நீட்டியது வாயைத்தான்.

"நீங்க எண்ணும்போது ஒரு பழத்த அமுக்குற மாதிரி கம்ப்யூட்டர் அமுக்காது. அது தப்பே பண்ணாது பெரியம்மா."

"போடா களவாணிப் பயலே," என்று சிரித்தார். நம்பிவிட்டார்.

திருநாள் அன்று சாயங்காலம் கல்லறைத் தோட்டம் முழுக்கக் கூட்டம். எல்லோரும் அவரவர் கல்லறைக்குப் பக்கத்தில் நின்றார்கள். பெரியம்மாவுக்கு நிற்க இடமில்லை, நடுவில் இருக்கும் பெரிய சிலுவைக்கு அடியில் போய் நின்றுகொண்டார். நல்ல சேலை கட்டியிருந்தார். ஒரு கையில் மெழுகுவத்தி, இன்னொரு கையில் தீப்பெட்டி. என்னைப் பார்த்ததும் கண்ணைச் சிமிட்டினார். நானும் சிமிட்டினேன்.

உபதேசியார் வாசிக்க ஆரம்பித்தார். பெயர் பெயராக அங்கங்கே சுடர் எழும்பியது. பெரியம்மாவின் அன்பியம் வந்தது. தீக்குச்சியை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். மூன்று பெயர் வாசித்தார்கள். அடுத்த அன்பியத்துக்குப் போய்விட்டார்கள். பெரியம்மா குச்சியைக் கீழே போடவில்லை. ஒருவேளை கடைசியில் வரும் என்று நினைத்தாரோ என்னவோ, வாசித்து முடிகிற வரைக்கும் குச்சியும் கையுமாகவே நின்றார். முடிந்ததும் எல்லோரும் பாட ஆரம்பித்தார்கள். அத்தனை வெளிச்சத்துக்கு நடுவில் பற்றவைக்காத ஒரு மெழுகுவத்தி தனியாகத் தெரிந்தது.

அப்போதே அவரிடம் போயிருக்க வேண்டும். அவர் கண் என் பக்கம் திரும்புவதற்குள் பின்வாசல் வழியாக ஓடிவிட்டேன்.

மறுநாள் எதிர்த்த பக்கம் பார்க்காமல் சந்து வழியாகக் கடைக்குள் நுழைந்தேன். உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, பெரியம்மா உள்ளே வந்தார். அத்தனை வருடத்தில் அவர் கடைப்படி ஏறியதே இல்லை. கையில் ஒரு சீப்புப் பழம். திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் முகத்தில் கோபமே இல்லை. அதைவிட மோசமான ஒன்று இருந்தது. சந்தோஷம்.

"ஏலே, நேத்து எம் மகன் பேரு வரல, பாத்தியா?"

"பெரியம்மா, அது வந்து..."

"நீ சும்மா இரு. மொதல்ல எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு. பெறகு வீட்டுக்குப் போயி ஒக்காந்து யோசிச்சேன். நீதான சொன்ன, கம்ப்யூட்டர் தப்பே பண்ணாதுன்னு. செத்தவுக லிஸ்டுல எம் புள்ள இல்ல. அவன் ஒடம்ப யாரு பாத்தா? எந்தக் கரையில ஒதுங்கிக் கெடக்கானோ, எந்த ஊரு ஆஸ்பத்திரியில இருக்கானோ. நல்லவேள, மெழுகுவத்திய நான் பத்த வைக்கல. உசுரோட இருக்கவனுக்குப் பத்த வைக்கலாமா?"

பழத்தை மேசை மேல் வைத்தார்.

"உசுரோட இருக்கவுக லிஸ்டுன்னு ஒண்ணு இருக்கும்ல. அதுல இருக்கானா பாரு சாமி."

இருப்பார். அதுதான் கொடுமை. என் ப்ரோக்ராமைக் கேட்டால் அவர் மகன் உயிரோடு இருக்கிறார் என்றுதான் சொல்லும். "இருக்காரு பெரியம்மா" என்று சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. அதைச் சொன்னால் அவர் நாளைக்கே சாமியாரிடம் போவார், அடுத்து கப்பல் கம்பெனிக்கு எழுதச் சொல்வார், அதற்கடுத்து வாழ்நாள் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ப்ரோக்ராமை வைத்து ஃபைலில் அவர் மகனின் பெட்டியை மட்டும் தேடி எடுத்தேன். திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவருக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. ஒவ்வொரு வரியாக நான்தான் விரல் வைத்துச் சொன்னேன். பெயர். அன்பியம். ஞானஸ்நானம்.

"ஆமா, அன்னைக்கு நல்ல மழை," என்றார்.

திருமணம், காலி. இறப்பு. சாமியார் எழுதி, யாரோ ஒரு பிள்ளை அடித்து ஏற்றிய தேதி. அதை வாசித்தேன். அடக்கம், காலி.

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணல பெரியம்மா. அதுல எல்லாம் சரியாத்தான் இருக்கு. தப்புப் பண்ணுனது நான். அடக்கம் எழுதியிருக்கவுகள மட்டும் எடுத்தேன். இது காலியா இருந்ததால தாண்டிப் போயிட்டேன்."

அவர் அழவில்லை. திரையில் அந்தக் காலி இடத்தின் மேல் விரலை வைத்தார். கண்ணாடியில் வாழைப்பிசின் கறையாக ஒட்டியது.

"இதுதான் காலியா?"

"ஆமா பெரியம்மா."

"சரி," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார் என்று அப்புறம் சொன்னார்கள். ஒரு தாய்க்கு மகன் இறந்த செய்தியை முதல் தடவை கடிதம் சொன்னது. இரண்டாவது தடவை நான் சொன்னேன். அதுவும், என் வாயால் நானே உயிரோடு எழுப்பிவிட்டு.

உபதேசியாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். நாலு அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "நான் நோட்டப் பாத்துருக்கணும்டா," என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் அந்த ஒரு பெயரை மட்டும் தனியாக வாசித்தார். பெரியம்மா வரவில்லை. உபதேசியார்தான் ஒரு மெழுகுவத்தியை ஏற்றிப் பீடத்தின் ஓரமாக வைத்தார். நான் ஏற்றியிருக்கலாம். கை வரவில்லை.

பத்து நாள் கழித்துத் தட்டு பழைய இடத்துக்கு வந்தது. நானே போனேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஆள் நான். தெரிந்த வழியில்தான் ஆரம்பித்தேன்.

"பெரியம்மா, இது சிறுமலைப் பழந்தானா?"

அவர் ஒரு பழத்தை எடுத்துக் கொடுத்தார். "ஆமாங்க தம்பி, நல்ல பழம்," என்றார்.

திட்டவில்லை. மூஞ்சியைத் திருப்பவும் இல்லை. மற்ற வாடிக்கைக்காரர்களிடம் பேசுகிற அதே மரியாதை. அதற்குப் பிறகு நான் அந்தக் கடையை விட்டுப் போகிற வரைக்கும் அவர் வாயிலிருந்து ஒரு 'ஏலே' எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு முன்பே அவர் குஜிலியம்பாறைப் பக்கம் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இன்றைக்கும் என் பிழைப்பு இந்த மாதிரி ஃபைல்களோடுதான். வேகத்தை நான் விடவில்லை, அது கூடப் பிறந்த குணம். ஆனால் பட்டியல் வந்து விழுந்ததும், உள்ளே எத்தனை பேர், வெளியே வந்தது எத்தனை பேர் என்று எண்ணுகிறேன். கணக்கு உதைத்தால், விட்டுப்போனவர்களை ஒவ்வொருவராக எடுத்துப் படிக்கிறேன். கூட வேலை பார்க்கிற பையன்கள் கேலி செய்கிறார்கள், செய்யட்டும். காலியாக ஒரு டப்பாவைப் பார்த்தால் மட்டும் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை. அதன் மேல் இன்னும் அந்த விரல் இருக்கிறது.