சல்லிசாகக் கிடைத்த டிஸ்க்

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் இடத்துக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை உண்டு. எந்நேரமும் ஏசி ஓடிக்கொண்டிருக்கும். கொளுத்துகிற வெயில் காலத்திலும் ஒருவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பார். உடைந்த எலும்பு, வீங்கிய ஈரல், வயிற்றில் புரளும் பிள்ளை என்று அன்றன்றைக்கு எடுத்த படங்களைப் பத்திரப்படுத்தி வைப்பது அவர் வேலை. எதையும் இரண்டு பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வைக்காமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார். அதனால் டாக்டர்கள் முதல் தரை துடைக்கிற அம்மாள் வரை எல்லாருக்கும் அவர் ‘ரெண்டு காப்பி’தான். கேன்டீன்காரர் மட்டும் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டு, அவர் தலையைக் கண்டதும் இரண்டு டம்ளர் காப்பியை ஆற்றி வைத்துவிடுவார். கேட்டு வந்ததோ கேளாமல் வந்ததோ, அவரும் இரண்டையும் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

வீட்டில் மூன்று பேர். அவர், அவர் மனைவி, அவருடைய அக்கா மகள். அக்காவின் புருஷன் குழந்தை பிறந்த ஆறாம் மாதமே வேறு குடித்தனம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். எட்டு மாதக் குழந்தையைத் தம்பி மனைவியின் மடியில் போட்டுவிட்டு அக்கா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனாள். படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. காமிரா வைத்த போன் அந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டன் போனில் கால் மணி நேரம் பேசலாம், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவை விடுப்பு நெருங்கும்போதும் பெரியவருக்கு ஏதாவது ஒன்று வந்து பயணம் தட்டிப்போகும். இரண்டு வருஷம் என்று போனவளுக்கு ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

கிளம்பின அன்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அக்கா சொன்னது ஒன்றுதான்.

"எதையும் விட்டுடாதடா. எல்லாத்தையும் எடுத்து வை. நான் வந்து ஒண்ணொண்ணா உட்கார்ந்து பார்ப்பேன்."

அந்தச் சொல்லைத் தம்பி வேதவாக்காக எடுத்துக்கொண்டார். குழந்தை தவழ்ந்தது, பல் முளைத்தது, சுவரைப் பிடித்து நடந்தது, பள்ளிக்கூட வாசலில் தரையில் உருண்டு அழுதது, காய்ச்சலில் சுருண்டு கிடந்தது, சைக்கிளிலிருந்து விழுந்து எழுந்தது என ஒன்று பாக்கியில்லை. "பிள்ளை விழுந்தா தூக்காம படம் பிடிக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தாங்க" என்று மனைவி குறைபட்டுக்கொள்வாள். "அக்காவுக்குடி" என்பார். அதற்குமேல் அவளும் பேச மாட்டாள். வருஷத்துக்கு இரண்டு போட்டோவை மட்டும் அச்சுப் போட்டுத் தபாலில் அனுப்புவார். மற்றதெல்லாம் அக்கா வந்து பார்க்க.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அக்காவின் குரல் வேறு மாதிரி இருந்தது. பெரியவர் காலமாகிவிட்டாராம். அடுத்த மாதம் வருகிறாள், வந்தால் வந்ததுதான், இனி போகப் போவதில்லை.

அன்றைக்கே அவர் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். படங்கள் சிதறிக் கிடந்தன. இரண்டு பழைய போன்கள், திரையில் கோடு விழுந்த ஒரு லேப்டாப், தீப்பெட்டிக்குள் போட்டு வைத்த இரண்டு மெமரி கார்டுகள். அத்தனையையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, அக்கா கையில் கொடுத்துவிட வேண்டும் என்று ஆசை.

தெருமுனைக் கடைக்காரர் பேர் தெரிந்த கம்பெனி டிஸ்க் ஒன்றை எடுத்துக் காட்டினார். இரண்டு டெராபைட். "உங்களுக்கு இது தாராளம் சார்" என்றார். விலையும் கட்டுப்படியாகிற விலைதான். ஆனால் நம் ஆளுக்கு ஒரு பலவீனம் உண்டு. சல்லிசு என்று காதில் விழுந்தால் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். வீட்டுக்கு வந்து போனில் தேடினார். பதினாறு டெராபைட் டிஸ்க், கடைக்காரர் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கு. ஐந்தாம் நாள் பார்சல் வந்தது. பளபளவென்று உலோகப் பெட்டி, கையில் எடுத்தால் நல்ல கனம்.

மனைவி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கடைக்காரர் காட்டினதைவிட எட்டு மடங்கு கொள்ளும்னு போட்டிருக்கு. விலை மட்டும் எப்படிங்க இவ்வளவு கம்மி? எனக்கென்னவோ உதைக்குது."

"கடைன்னா வாடகை, விளம்பரம், வேலையாள் சம்பளம் எல்லாம் நம்ம தலையிலதான் விழும். இருபது வருஷமா இதே வேலை பார்க்கிறேன். எனக்கே டிஸ்க் பத்திப் பாடம் எடுக்கிறியா?"

அவள் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றினார். வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர், ஒவ்வொரு படத்துக்கும் தேதி, பேர். ‘முதல் பல்’, ‘முதல் நடை’, ‘பள்ளிக்கூடம் முதல் நாள்’. ஆஸ்பத்திரியில் அவரே எழுதிச் சுவரில் ஒட்டிய விதி ஒன்று உண்டு: ஏற்றி முடித்ததும் முதல் படம், நடுப் படம், கடைசிப் படம் மூன்றையும் திறந்து பார்க்க வேண்டும். வீட்டில் கடைசிப் படத்தை மட்டும் திறந்தார். போன மாதம் எடுத்தது, அழகாக ஓடியது. போதும் என்று எழுந்துவிட்டார். ஊருக்குத்தானே உபதேசம்.

அத்தோடு விட்டிருந்தாலும் தப்பித்திருக்கலாம். வருகிற அக்காவுக்குப் புதுப் போன் வேண்டும் என்று பழைய போன் இரண்டிலும் இருந்ததை அழித்து, அவற்றைக் கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டார். லேப்டாப் பழைய சாமான்காரரோடு போனது. மெமரி கார்டுகளை அழித்து, வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த சக ஊழியர் ஒருவருக்குக் கொடுத்தார். இரண்டாவது பிரதி என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று பிற்பாடு தன்னைத்தானே எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டார்.

அக்கா வந்தாள். முன்னந்தலை நரைத்து, பாதி உடம்பாக வந்தாள். பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்தது ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் தபாலில் போன பதினெட்டு போட்டோக்கள், ஓரம் நைந்துபோய். மகள் பக்கத்தில் வந்து நின்று, "வாங்கம்மா, பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?" என்று விருந்தாளியிடம் கேட்பதுபோலக் கேட்டாள். தலை பின்ன வேண்டியபோது சீப்பை எடுத்துக்கொண்டு நேரே அத்தையிடம் போனாள். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே டம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

"எப்ப பார்க்கலாம்டா?" என்று தம்பியிடம் கேட்டாள்.

மறுநாள் மத்தியானம் டிவியில் டிஸ்க்கை மாட்டினார். நாலு பேரும் உட்கார்ந்தார்கள். முதல் வருஷம் திறந்தது. பேர்கள் வரிசையாக நின்றன. ‘முதல் பல்’ என்பதை அழுத்தினார். திரை கறுப்பாகவே இருந்தது. ‘முதல் நடை’, அதுவும் கறுப்பு. டிவி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று எதிர்வீட்டுக்காரரின் கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி வந்து மாட்டினார். இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷம், ஐந்தாம் வருஷம். பேர் இருந்தது, தேதி இருந்தது, படம் இல்லை. கடைசிப் பதினாலு மாதம் மட்டும் ஓடியது. அதில் பாதி, காமிராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற வயசை எட்டிவிட்ட பெண்ணின் முதுகு.

"டிஸ்க் கெட்டுப்போச்சுக்கா" என்றார். "எதுவும் சொல்லாம கெட்டுப்போகும், மிஷின்தானே. சரி பண்ணிடலாம்."

மனைவி அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

அழிந்ததை மீட்டுத் தரும் கடை ஒன்று இருப்பதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அங்கே இருந்த பெண் பெட்டியின் திருகுகளைக் கழற்றி மூடியை எடுத்தாள். உள்ளே நகத்தளவு மெமரி கார்டு ஒன்று. கனம் தெரிவதற்காகப் பசை போட்டு ஒட்டிய இரும்புத் துண்டு ஒன்று. வேறொன்றும் இல்லை.

"சார், இது டிஸ்க்கே இல்ல" என்றாள். "கொள்ளுறது கொஞ்சம்தான், பதினாறுன்னு பொய் சொல்ற மாதிரி பண்ணியிருக்காங்க. நிரம்பினதும் பழசு மேலயே புதுசை எழுதிக்கும். பேரு மட்டும் அப்படியே நிக்கும்."

"கொஞ்சமாவது எடுக்க முடியுமாம்மா?"

"மேல மேல எழுதினதுக்கு அடியில என்ன சார் இருக்கும்? ஏத்தினதும் முதல் படத்தைத் திறந்து பார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்குமே."

அந்தப் பெண் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவருக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது.

வீட்டில் டிஸ்க் கெட்டுப்போனது என்றே சொல்லிவிட்டு, அதற்கப்புறம் நாயாய்ப் பேயாய் அலைந்தார். போன் கடையில் பழைய போன்களை மூட்டையாகக் கட்டி எப்போதோ அனுப்பிவிட்டிருந்தார்கள். பழைய சாமான்காரர் லேப்டாப்பைப் பிரித்து விற்றுவிட்டார். டிஸ்க்கை விற்ற ஆளின் நம்பர் உபயோகத்தில் இல்லை. சக ஊழியரிடம் கொடுத்த கார்டுகளில் ஒன்று தொலைந்துபோயிருந்தது. மற்றதில் அவர் தன் மகன் கல்யாணப் படங்களை நிரப்பி வைத்திருந்தார். சங்கடப்பட்டுக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். மீட்புக் கடைப் பெண் நாலு நாள் போராடி, புதுப் படம் ஏறாமல் மிஞ்சியிருந்த ஒரு மூலையிலிருந்து ஒரே ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள். முப்பத்தெட்டு வினாடி. தவறுதலாக ஓடவிட்ட படம் அது. தரை, ஒரு நாற்காலிக் கால், குழந்தையின் குட்டிப் பாதம் ஒன்று. குழந்தை சிணுங்குகிறது. மனைவியின் குரல் கேட்கிறது: "அந்த போனைக் கீழ வெச்சிட்டு அவளுக்கு மூக்கைத் துடைச்சு விடுங்க முதல்ல."

அக்கா அந்த முப்பத்தெட்டு வினாடியைப் புதுப் போனில் போட்டு வைத்துக்கொண்டாள். தோட்டத்தில் துணி காயப்போடும்போதுகூட அது ஓடுகிற சத்தம் கேட்கும்.

மூன்று வாரம் கழித்து அவரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தார்.

"அக்கா, அது தானா கெட்டுப்போகல. சல்லிசா கிடைச்சுதுன்னு போலி டிஸ்க் வாங்கிட்டேன். இவ அப்பவே சந்தேகப்பட்டா, நான்தான் கேட்கல. நல்லது வாங்கக் காசு இல்லாமலும் இல்ல."

அக்கா கையில் இருந்ததை உரித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"நான் ஒன்பது வருஷம் வராம இருந்தேன். நீ ஒரு டிஸ்க்கைத் தப்பா வாங்கிட்ட. எது பெரிய தப்புன்னு நாம எடை போட வேண்டாம் தம்பி." பிறகு, "ஆனா பொய் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்று சாயங்காலம் அக்கா அவரைக் கேட்டாள்: "சரி, வாயால சொல்லேன். முதல்ல எப்படி நடந்தா?" அவர் சொல்ல ஆரம்பித்தார். சுவர் ஓரம், பச்சைச் சட்டை, சாயங்கால வெளிச்சம் முகத்தில் சரியாக விழவில்லை, போனில் சார்ஜ் தீரும் நிலை. அதற்குமேல் வரவில்லை. குழந்தை எத்தனை அடி வைத்தாள், எதைப் பிடிக்க வந்தாள், விழுந்ததும் சிரித்தாளா அழுதாளா? ஒன்பது வருஷமும் பக்கத்திலேயே இருந்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் படத்தில் இருக்கிறதே என்று மனசு அதையெல்லாம் வாங்கிக்கொள்ளவே இல்லை போலிருக்கிறது.

"நாலு அடி அண்ணி" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து. "என் கையில கரண்டி இருந்துச்சு. அதைப் பிடிக்கத்தான் வந்தா. விழுந்ததும் என்னை முறைச்சா பாருங்க, நான்தான் தள்ளிவிட்ட மாதிரி."

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். அன்றிலிருந்து சாயங்காலம் என்றால் இரண்டு பெண்களும் அங்கேதான். இவள் சொல்வாள், அவள் கேட்பாள். சில நாள் மகளும் வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, "ஐயே, நான் அப்படியெல்லாம் செய்யல" என்பாள். கூடத்தில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு அவர் கேட்டுக்கொண்டிருப்பார். தன் கையால் படம் பிடித்ததை எல்லாம் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல இருக்கும்.

ஒருநாள் அக்கா கேட்டாள்: "முதல்ல என்ன வார்த்தை பேசினா?"

அவருக்குத் திக்கென்றது. அந்த ஒரு படம் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. குழந்தை அவர் மனைவியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேரே ‘அம்மா’ என்றது. மனைவி அழுதுவிட்டாள். கல்யாணமாகி ஏழு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்தவள்.

அடுப்படியில் கரண்டி சட்டியைச் சுரண்டுவது கேட்டது.

"‘போ’ன்னு சொன்னா அண்ணி" என்றாள் மனைவி. "ஜன்னல்ல ஒரு பூனை வந்து உட்கார்ந்துச்சு. அதைப் பார்த்து, ‘போ’."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை. நிலைப்படியில் நின்ற மகளும் சேர்ந்து சிரித்தாள்.

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தார். அந்தப் படம் இருந்திருந்தால் இன்றைக்கு அக்கா அதைப் பார்த்திருப்பாள். பார்க்காததே நல்லதாயிற்று என்று ஒரு நிமிஷம் ஆறுதல் பட்டார். ஆனால் அந்தப் படத்தில் தான் எப்படி அழுதோம் என்பதைப் பார்க்க இனி மனைவிக்கும் வழியில்லை. அவள் ஒரு தடவைகூட அதைப் போட்டுக் காட்டச் சொன்னதில்லை என்பதும், தானும் ஒரு தடவைகூடக் காட்டியதில்லை என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது.