மில்லுக்குள் போன வீடு

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. நான் இருந்த வீடும் என் உம்மா எனக்குத் தந்ததுதான். மகளுக்கென்று அதே வளவில் இன்னொரு வீட்டுக்கு அத்திவாரம் போட்டோம். போட்டதோடு சரி.

என் கணவருக்குக் கல்முனைக்கு வெளியே, வயலோரத்தில் ஒரு நெல் மில். ஒவ்வொரு போகமும் லாபம் வந்தது; வந்த வழியே மில்லுக்குள் போனது. முதலில் கல் பிரிக்கும் மெசின், பிறகு நெல் காயவைக்கும் மெசின். "யாவாரத்துல வந்தத யாவாரத்துலயே போடணும் புள்ள. அடுத்த போகம் வீட்டக் கட்டுவம், இன்ஷா அல்லாஹ்" என்பார். அத்திவாரத்தில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் துருப்பிடித்தன. அவற்றில் கயிறு கட்டி உடுப்புக் காயப்போட்டேன். தங்கை வரும்போதெல்லாம் மில்லைச் சொல்லிக் கேட்பாள்: "உங்கட சக்களத்திக்கு இந்த முறை மச்சான் என்ன வாங்கிக் குடுத்தாரு?" ஆரம்பத்தில் அவரோடு சண்டை பிடித்தேன். பிறகு அதுவும் விட்டுப்போனது.

மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். நல்ல இடம், மகளுக்கும் பிடித்திருந்தது. வந்தவர்களை இந்த மனிசன் வேனில் ஏற்றி மில்லுக்குக் கூட்டிப்போனார். கறுத்த அரிசியைப் பொறுக்கித் தள்ளும் புது மெசினை ஓடவிட்டு, இரைச்சலுக்கு மேலால் கத்திக் கத்தி விளக்கினார். மாப்பிள்ளையின் உம்மா அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ், நல்ல மெசின். கலியாணம் முடிச்சிப் புள்ள எங்க குடியிரிக்கிற?"

இவர் மெசினை நிறுத்தினார்.

"நான் இரிக்கிற வீடுதான் ராத்தா, புள்ளைக்கு" என்றேன்.

கலியாணத்துக்கு முன்பே வீட்டு உறுதிப் பத்திரத்தை மகள் பெயருக்கு மாற்றினேன். கையெழுத்துப் போடும்போது அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கோபம்கூட வரவில்லை. எல்லாம் மரத்துப்போயிருந்தது. கூடவே இருக்கச் சொல்லி மகள் கெஞ்சினாள். கொடுத்த வீட்டில் ஒண்டியிருக்க எனக்கு மனமில்லை. மில்லின் ஒபிஸ் அறைக்குப் பின்னால் கட்டிலைப் போட்டுக்கொண்டோம். தவிட்டு மணம் சாப்பாட்டிலும் இருந்தது. சில நாட்களில் அதுவும் தெரியாமல் போனது.

அடுத்த போகம் முடிந்து ஒரு மழை நாள். மெசினை நிறுத்திவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என்னிடம் கேட்டார்:

"இந்த முறை லாபத்த என்ன செய்வம் புள்ள?"

"மில்லுலயே போடுங்க" என்றேன். "கட்டிலுக்கு மேல ஒழுகுது."