சாவி கொடுத்த கை

நேற்று விடியற்காலையில் ஷெட்டுக் கதவைத் திறக்கும்போதே செய்தி வந்துவிட்டது. எங்கள் பஸ் கம்பெனி மேனேஜர் அலாவுதீன் பாய் காலமாகிவிட்டார். “தொழுகைக்கு எந்திரிச்சவுக, அப்படியே சாஞ்சுட்டாக” என்றார் அவருடைய மைத்துனர்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் காரைக்குடி ஷெட்டில் கணக்கராகச் சேர்ந்தேன். ஆணியில் தொங்கும் சாவிகளை பாய்தான் தினமும் தம் கையால் டிரைவர்களுக்குக் கொடுப்பார். கூடவே ஓர் அதட்டலும் கிடைக்கும். யாராயிருந்தாலும் அதே அதட்டல்தான். தெருமுனை வரை கேட்கும்.

ஒருநாள் டிரைவர் வெள்ளைச்சாமி திருப்பத்தூருக்குத் தாமதமாக வந்து சேர்ந்தார். நேரம் பார்க்க அங்கே போய்க் காத்திருந்த பாய், பஸ் நிலையத்திலேயே பிடித்துக்கொண்டார்: “வண்டிய ஓட்டுனியா, தள்ளிக்கிட்டு வந்தியா?” வெள்ளைச்சாமி மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தி, எதிரே வெற்றிலைக் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச்சாமி சாவியை பாய் கையில் வைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

தாமதத்துக்கான காரணத்தைக் கண்டக்டர்தான் பிறகு சொன்னார். வழியில் மயங்கி விழுந்த ஓர் அம்மாளைக் குன்றக்குடியில் வைத்தியரிடம் சேர்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

முதலாளி வேறு டிரைவரைப் பார்க்கச் சொன்னார். பாய் கேட்கவில்லை, என்னையும் அழைத்துக்கொண்டு வெள்ளைச்சாமி வீட்டுக்குப் போனார்.

“வையிறதுன்னா ஷெட்டுல வச்சு வைங்க பாய். சம்பந்தகாரவுக முன்னாடி இப்படிப் பேசிட்டீகளே” என்றார் வெள்ளைச்சாமி.

“பஸ் ஸ்டாண்டுல வச்சுத்தானே வஞ்சேன்? அங்கனயே வந்து சொல்றேன்” என்றார் பாய்.

மறுநாள் அதே வெற்றிலைக் கடை வாசலில், சம்பந்திக்கும் பயணிகள் எல்லோருக்கும் கேட்கும்படி பாய் சொன்னார்: “ஒரு உசுரக் காப்பாத்திட்டு வந்த மனுசன, என்ன ஏதுன்னு கேக்காம வஞ்சுட்டேன். தப்பு என்னோடது.” வெள்ளைச்சாமி கூச்சத்தில் நெளிந்தார். “சாவியக் குடுங்க பாய், நேரமாச்சு” என்றார்.

அதற்குப் பிறகு, கண்டிப்பதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டுதான். சாவி கொடுக்கும் விதமும் மாறியது. கேலிக்காரர் தாவூதுக்கு ஒரு கேலி. புதிதாக வந்த பயந்தாங்கொள்ளி டிரைவருக்கு, எங்கெங்கே நிதானிக்க வேண்டும் என்று மெதுவாக ஒரு விவரம். வெள்ளைச்சாமிக்குப் பேச்சே கிடையாது. சாவியை உள்ளங்கையில் வைத்து ஓர் அழுத்து அழுத்துவார், அவ்வளவுதான்.

“ஏன் பாய், ஆளுக்கொரு மாதிரி?” என்று ஒருமுறை கேட்டேன்.

“ஒரு வண்டிச் சனம் அவுக கையிலல்ல இருக்கு? என்ன மனசோட ஏறுறாகன்னு பாக்க வேணாமாய்யா?”

நேற்று மாலை அடக்கம் முடிந்தது. ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும்படி முதலாளி என்னிடம் சொல்லியிருக்கிறார். இன்று காலை சாவிகள் ஆணியில் தொங்கின. எடுத்துக் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. நான் யார், அந்த இடத்தில் நிற்க?

வெள்ளைச்சாமி வந்தார். சிவந்த கண்களோடு கையை நீட்டினார். ஆறுதலாக என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தேன். கடைசியில், சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினேன், அவ்வளவுதான். அவர் என் கையைச் சற்று நேரம் விடவில்லை.

பாய், திருப்பத்தூர் வண்டி நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. நீங்கள் நிம்மதியாக உறங்குங்கள்.