கந்தோர் விடும் நேரம்

போர் முடிந்த மாதம். தம்பி உயிரோடு வவுனியா முகாமில் இருந்தான், வெளியே விடமாட்டார்கள். எதற்கும் எங்கே எப்படி விண்ணப்பிப்பது என்று தெரிந்த எனக்கு, இதற்கு மட்டும் தெரியவில்லை. வீட்டில் இருந்தால் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருப்பேன் என்று, மகள் நாங்கள் இருக்கும் டேனிஷ் ஊரான பிராண்டேயிலிருந்து காரில் ஒல்லாந்துக்குக் கூட்டிப்போனாள். அழகான கால்வாய் நகரம்தான். அழகு முழுவதும் குடைக்கு வெளியே நனைந்துகொண்டிருந்தது.

மழைக்கு ஒதுங்கிய வாசலில் ஒரு பலகை. எழுத்துக்கூட்டினால் 'கந்தோர்'. அலுவலகத்துக்கு ஒல்லாந்தர் எங்களிடம் விட்டுப்போன சொல்.

நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது, ஈரக் குடையும் சுருட்டும் மணக்க ஐயா வேலையால் வருவார். "கந்தோர் விட்டிட்டுது," என்பா அம்மா. கந்தோர் என்பது ஐயாவைக் காலையில் பிடித்து மாலையில் விடுகிற ஏதோ ஒன்று என்று நாலு வயதுத் தம்பி நம்பினான். ஒரு மழைநாள் ஐயா இருட்டிய பிறகுதான் வந்தார். தம்பி அவருடைய கைகளைத் தடவிப் பார்த்தான்.

"அடிச்சவையோ ஐயா?"

"இல்லையடா. தேத்தண்ணி தந்தவை."

அம்மா சிரித்துச் சிரித்து இருமினா.

"கொம் நு, அப்பா," என்று மகள் டேனிஷில் அவசரப்படுத்தியபோது தொலைபேசி அடித்தது. தம்பி. முகாமில் யாரிடமோ இரவல் வாங்கிய தொலைபேசி.

"அண்ணை, அங்கை மழையோ? இரையுது."

"ஓம். சாப்பிட்டியோ?"

"சாப்பிட்டன்."

அவன் பக்கத்தில் யார் நிற்கிறார்களோ தெரியாது. அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.