மொட்டை மாடியில் ஒரு சைகஸ்

எதிர்வீட்டுக்காரரின் இடது புருவத்தில் இருக்கும் தழும்பு நான் போட்டது. நாய்ச் சங்கிலியால் அடித்தேன். கன்னட ஊரான லிங்கராஜபுரத்தில் எங்கள் சந்து முழுக்க அது தெரியும். ஏன் அடித்தேன் என்பதைத்தான் ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார்கள்.

எங்களிடம் ஒரு நாட்டு நாய் இருந்தது. செம்பட்டை நிறம், பெண், மூன்று வயது. ஒரு மழைநாளில் நனைந்து வந்து கதவோரம் படுத்தது. பிறகு போகவே இல்லை. அதற்குச் செருப்பு என்றால் உயிர். எதிர்வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருப்பவர், முன்கோபி. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கடித்துக் குதறப்பட்ட தன் புதுச் செருப்பைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வீசினார்.

“இன்னொரு வாட்டி இது என் வாசப்படி ஏறட்டும், சோத்துல வெஷம் வெச்சுடறேன். அப்புறம் அழுவாத.”

மறுநாள் காலை மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்த நாய், சமையலறை வாசலில் மஞ்சளாக வாந்தி எடுத்தது. மூன்றாவது தடவை அதில் ரத்தம் இருந்தது. பின்கால்கள் பின்னின. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, நான்கு கால்களும் விறைத்து, தலையைத் தரையில் மோத ஆரம்பித்தது. நாக்கைக் கடித்துக்கொள்ளுமோ என்ற பயத்தில் வாய்க்குள் கைவிட்டேன். பல் என் கட்டைவிரலில் எலும்பு வரை இறங்கியது.

என் கணவர் ஆட்டோ பிடிக்க ஓடினார். நான் சங்கிலியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எதிர்வீட்டுக்காரர் தன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வெச்சுட்டியா?” என்றேன்.

அவர் நிமிர்ந்தார். பதில் சொல்ல நான் விடவில்லை. சங்கிலியின் கொக்கி புருவத்தைப் பிளந்தது. இரண்டாவது அடி தோளில் விழுந்தது. மூன்றாவது அடிக்கு ஓங்கும்போது அவர் மனைவி என் கூந்தலைப் பிடித்து இழுத்தாள். இருவரும் சாக்கடை ஓரம் விழுந்து புரண்டோம். அவள் கன்னத்தை நகத்தால் கிழித்தேன். சொல்லக் கூசுகிறது, அதுவும் எனக்குப் போதவில்லை. அந்த ஆள் செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் வந்து என்னை இழுத்து ஆட்டோவுக்குள் தள்ளினார்.

கிளினிக்கில் நாய் மறுபடி வாந்தி எடுத்தது. கால்நடை டாக்டரம்மா அதிலிருந்து நார் நாரான வெள்ளைத் துண்டு ஒன்றை இடுக்கியால் எடுத்துப் பார்த்தார்.

“வீட்டுல என்னென்ன செடி இருக்கு?”

“அரளி இல்ல, ஊமத்தை இல்ல டாக்டர். நாய் இருக்குன்னு பார்த்துப் பார்த்துத்தான் வாங்குவேன். இது எதிர்வீட்டு ஆளு வெச்ச வெஷம்.”

“குட்டையா, பனை மாதிரி? கல்யாண மண்டபத்துல ஓலைய அலங்காரத்துக்குக் குத்துவாங்களே, அந்தச் செடி?”

அது எங்கள் மாடித் தொட்டியில் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் நர்சரியில் நானே ஆசைப்பட்டு வாங்கிய சைகஸ். நான் தருமபுரிப் பக்கத்துக்காரி. அரளி விதை என்ன செய்யும் என்று சின்ன வயதிலேயே தெரியும். இதைப் பற்றி யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

“ஓலை, அடிக்கிழங்கு, விதை எல்லாமே விஷம்மா. கல்லீரல அடிச்சிடும். மூணு நாள் தாண்டணும்.”

நாயைக் கிளினிக்கில் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்து மாடி ஏறினேன். தொட்டி மண் சிதறிக் கிடந்தது. அடிக்கிழங்கு பாதி கடித்த அன்னாசிப்பழம் போல இருந்தது. கறி வெட்டும் கத்தியை எடுத்துவந்து வெட்டினேன். ஓலையின் முள் முழங்கை வரை கீறியது. கட்டுப்போட்ட விரலிலிருந்து ரத்தம் கைப்பிடியில் வழுக்கியது. கிழங்கு துண்டுதுண்டான பிறகும் வெட்டினேன். கத்தி சிமெண்டுத் தரையில் பட்டு முனை உடைந்தபோதுதான் நிறுத்தினேன். அதன்பின் உட்கார்ந்து ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கி மூட்டை கட்டினேன்.

மத்தியானம் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். நான்கு தையலோடு அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, கன்னத்தில் என் நகக்கீறல்.

“நீங்க ஒண்ணும் பண்ணலண்ணா. நான் வாங்கி வெச்ச செடி,” என்றேன்.

அவர் புருவத் தையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “நான் சொன்னது வாய்ப்பேச்சும்மா. நீ அடிச்சது வாய்ப்பேச்சு இல்ல.”

கான்ஸ்டபிள் கன்னடத்தில் மன்னிப்புக் கடிதம் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எதிர்வீட்டுக்காரர் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாய் செத்தது. ஈறும் கண்ணும் மஞ்சளாகியிருந்தன. கடைசி வலிப்பில் என்னை அடையாளம் தெரியாமல் உறுமியது. அந்த உறுமலை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

ஆறேழு மாதம் எதிர்வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. ஒருநாள் பால் வாங்கிக்கொண்டு வரும்போது அவரே வண்டியை நிறுத்தினார்.

“மூலை வீட்டுக்குப் புதுசா குடி வந்திருக்காங்க. வாசல்ல அந்தச் செடி இருக்கு. நாய்க்குட்டியும் இருக்கு. போய்ச் சொல்லு.”

பால் பாக்கெட்டோடு நேராகப் போனேன். கதவைத் திறந்த பெண்ணிடம் எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், என் நாய் செத்த கதையை முதலில் சொன்னேன். சங்கிலி பற்றியும் சொன்னேன். அவள் பயந்துபோய் என்னையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தொட்டியைத் தூக்கி, குட்டிக்கு எட்டாதபடி கேட்டுக்கு வெளியே வைத்தோம்.