'ஓ' என்ற இடத்தில் இருந்த வரிகள்

மலாக்கா ஸ்டேடியத்தில் கோல் விழுந்ததும் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று "ஓ... ஓஓ..." என்று பாடும். அந்த நேரத்தில் பாயா ரும்புட்டில் ஒரு மனிதருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். அவர் பெயர் கோகுலராஜ். ஏர்கோன் பழுது பார்ப்பவர். ஊரார் வீட்டைக் குளிர வைப்பது அவர் தொழில். அவர் குளிர்ந்து இருந்ததாக மட்டும் வரலாறு கிடையாது. அந்தப் பாட்டை எழுதியவரே அவர்தான் என்பதால், அவருடைய கோபத்தை நாம் எழுந்து நின்று கேட்பதே முறை.

ரெம்பியாவுக்கு உள்ளே டன்மூர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அவர். இருபது சொச்சம் வயதில் மூன்று கூட்டாளிகளைச் சேர்த்து 'பால்வாளி' என்று ஒரு ராக் இசைக்குழு தொடங்கினார். சினிமாப் பாட்டைத் தொடுவதில்லை என்பது குழுவின் கொள்கை. கல்யாண வீட்டுக்காரர்கள் குழுவைத் தொடுவதில்லை என்பது அந்தக் கொள்கையின் பலன்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்தை ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கியது. முதலில் ரப்பர் மரங்கள் சாய்ந்தன. கோகுலராஜ் பொறுத்துக்கொண்டார். பிறகு பந்துத் திடலில் இயந்திரம் இறங்கியது. அவர் போய்ப் பார்த்தபோது இரண்டு பக்கத்துக் கோல் கம்பங்களையும் பிடுங்கி, நிறுவனத்தின் வேலிக்கு முட்டுக் கொடுத்து நட்டிருந்தார்கள். அப்பாவின் சாவுக்கே கண் கலங்காத மனிதர், அந்த வேலிக்கு முன்னால் நின்று மூக்கைச் சிந்தினார். வீட்டுக்கு வந்து கிட்டாரை எடுத்தார். திடலைப் பற்றிய பாட்டு ஒன்று பிறந்தது. அதன் பல்லவி முழுக்க நிறுவனத்துக்குச் சாபம்.

மாரியம்மன் திருவிழா மேடையில் அதைப் பாடுவதாக ஏற்பாடு. ஆனால் தோட்டத்துக் கோயில் மேடையில் எது ஏறினாலும் முதலில் கோயில் தலைவரிடம் பாடிக் காட்டியாக வேண்டும். தலைவர் தனபாலன் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, முழுப் பாட்டையும் கேட்டார்.

"நல்லா இருக்கு தம்பி. ஆனா திருவிழாவுக்குக் கூடாரம் போட்டுக் குடுத்தது யாரு? கம்பெனிக்காரன். அவன் கூடாரத்துக்குக் கீழயே நின்னுக்கிட்டு அவன ஏசுனா நல்லாவா இருக்கும்?"

"தலைவரே, திடல எடுத்துக்கிட்டுத்தான் கூடாரம் குடுத்திருக்கான்."

"அது வேற, இது வேற லா. நீ ஒண்ணு பண்ணு. ஏசுற எடம் வந்தா ஓன்னு ராகமா இழு. அம்மனுக்கும் புரியும், கம்பெனிக்கும் கோவம் வராது."

அம்மன் சன்னதியில் தகராறு வேண்டாமே என்று கோகுலராஜ் ஒப்புக்கொண்டார். மேடையில் சாபம் வரவேண்டிய இடத்திலெல்லாம் 'ஓ' வந்தது. அதை யாரோ கைப்பேசியில் பிடித்து இணையத்தில் போட்டார்கள். அந்தப் பாட்டுக்கு வேறு பதிவே கிடையாது. குழுவில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் சிங்கப்பூருக்கும் ஜோகூருக்கும் பிழைக்கப் போனார்கள்.

பல வருடம் கழித்துத் தோட்டத்து உறுமி மேளப் பையன்கள் அந்த 'ஓ'வை ஸ்டேடியத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். திடலைப் பற்றிய வரிகள் நீளம், ஞாபகம் இல்லை, 'ஓ' சுலபம். மலாய்க்காரர் பாடினார், சீனர் பாடினார், கோலா சுங்கை பாருவிலிருந்து மீனவர்கள் வேன் பிடித்து வந்து பாடினார்கள். ஒரே பருவத்தில் அது மலாக்கா அணியின் கீதமாகிவிட்டது. அடுத்த பருவத்தில் அணிக்குப் பணம் போடும் புதிய ஆதரவாளர் கிடைத்தார். விளையாட்டாளர்களின் சட்டை நெஞ்சில் பெரிய எழுத்தில் பெயர் வந்தது. அதே நிறுவனம்.

"ஊரே உங்க பாட்டப் பாடுது," என்றாள் மனைவி ஷாந்தினி. "உங்க மூஞ்சி மட்டும் பெருங்காயத்த மென்ன மாதிரி இருக்கு."

"என் பாட்டா அது? நான் எழுதுனத எல்லாம் விட்டுட்டு, எழுதாத எடத்த மட்டும் பாடுறானுங்க."

இது போதாதென்று பத்திரிகை நிருபர் ஒருவர் தனபாலனைக் கண்டுபிடித்துவிட்டார். 'அந்த ஓ என் யோசனை' என்று தலைவர் பேட்டி கொடுத்தார். அநியாயம் என்னவென்றால், அது உண்மை. படத்தில் பொன்னாடையும் இருந்தது. கோகுலராஜ் அந்தப் பக்கத்தை ஏர்கோன் தண்ணீர் சொட்டும் இடத்தில் விரித்து வைத்தார்.

பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு, இடைவேளையில் வந்து பாடும்படி அவருக்கே அழைப்பு வந்தது. உடனே சம்மதித்தார். ஷாந்தினிக்குச் சந்தேகம் தட்டியது.

"கிட்டார எடுக்கலயா?"

"கிட்டார் சத்தம் கேட்டதும் ஓன்னு ஆரம்பிச்சிருவானுங்க. வெறும் வாயோட போறேன். மொதல்ல பல்லவி. எழுதுன மாதிரியே."

"ஏசுற பல்லவியா? ஐயோ, அந்தக் கம்பெனி மேனேஜர் வீட்டு ஏர்கோன் நீங்கதானே பாக்குறீங்க."

"இனிமே அவன் விசிறியில தூங்கட்டும்."

இடைவேளையில் ஸ்டேடியத் திடலின் நடுவில் அவரை நிறுத்தினார்கள். பிரமுகர் வரிசையில் நிறுவனத்து இயக்குநர் இருந்தார். பக்கத்திலேயே பொன்னாடையோடு தனபாலன். கிட்டார் இல்லாததால் கூட்டத்துக்கு எப்போது தொடங்குவது என்று தெரியவில்லை. ஸ்டேடியம் அமைதியானது. அந்த அமைதியில் கோகுலராஜ் பாடினார்:

"கோல் கம்பத்தைப் பிடுங்கி வேலிக்கு நட்டவனே,
பந்து உருண்ட மண்ணிலே பங்களா விற்றவனே..."

தமிழ் தெரிந்தவர்கள் நிமிர்ந்தார்கள். தெரியாதவர்கள் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்கள். இயக்குநரும் தனபாலன் பக்கம் குனிந்து அர்த்தம் கேட்டார். தலைவரின் நெற்றியில் திருநீறு நனைந்தது. இத்தனை வருடம் கோயில் கூட்டங்களில் எத்தனையோ சங்கடங்களை மூடி மறைத்த அனுபவம் அவரைக் கைவிடவில்லை. பொன்னாடை நழுவ எழுந்து நின்று, இரண்டு கையையும் தூக்கி, தொண்டை கிழிய இழுத்தார்:

"ஓ..."

அவ்வளவுதான். ஸ்டேடியமே எழுந்துவிட்டது. இயக்குநர் நெஞ்சில் கை வைத்து, கண்ணை மூடி, உருக்கமாகப் பாடினார். மூன்றாவது வரியைக் கோகுலராஜ் பாடியதற்கு அவர் வாய் மட்டுமே சாட்சி. ஒரே பாட்டின் கழுத்தை ஒரே ஆள் இரண்டு முறை நெரித்த சாதனை தனபாலனைத் தவிர வேறு எவருக்கும் கிடையாது.

அடுத்த பருவத்து முதல் ஆட்டத்தைக் கோகுலராஜ் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தார், திட்டுவதற்காக. கோல் விழுந்தது. 'ஓ' கிளம்பும் முன்னால், மலிவு டிக்கெட் பக்கத்திலிருந்து உறுமியோடு ஏதோ கேட்டது. ஷாந்தினி சத்தத்தைக் கூட்டினாள்.

"கோல் கம்பத்தைப் பிடுங்கி..."

இரண்டு வரியும் வந்தன. அப்புறம் 'ஓ'.

ஷாந்தினி அவரைப் பார்த்துச் சிரித்தாள். "இப்ப சந்தோசம்தானே?"

"என்னா சந்தோசம்? ரெண்டு வரியோட நிறுத்திட்டானுங்க பாரு. பாங்களாவாம். பங்களான்னு சொல்லத் தெரியல, இழுக்குறான்."

அடுத்த வாரம் அவர் வாழ்க்கையில் முதல் முறையாக டிக்கெட் எடுத்து, மலிவுப் பக்கத்தில் உறுமிக்காரர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தார். கோல் விழும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை.

"தம்பிங்களா, ஓவ நிறுத்துங்க. மூணாவது வரி சொல்றேன், கூடச் சொல்லுங்க: 'உன் வாசல் கதவை எங்கள் பந்து வந்து தட்டுமடா.'"